கியூவுக்குத் தோல் டிப் தேர்ந்தெடுப்பது எப்படி: அளவெடுப்பதிலிருந்து ஒட்டி முடிப்பது வரை

பூல், ஸ்னூக்கர் மேசைகளில் பந்தை அடிக்கும் கோலான கியூவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், வெள்ளைப் பந்தைத் தொடுவது அதன் முனையில் ஒட்டியிருக்கும் டிப் என்ற ஒரு துண்டுத் தோல்தான். அந்தத் தொடுதலும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அடித்தது எப்படி இருந்தது என்று நமக்கு உறைப்பதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். தோல் டிப் வருவதற்கு முன்னால் வெறும் மரமுனையால்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினாலே வழுக்கும். 1807 வாக்கில் பிரெஞ்சுப் படை அதிகாரி ஃபிரான்சுவா மிங்கோ சிறையில் இருந்தபோது கியூ முனையில் தோலை ஒட்டிப் பழகினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பந்தைச் சுழற்றி விளையாடும் ஆட்டம் அதன் பிறகுதான் வளர்ந்தது.

டிப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘எது அதிக ஸ்பின் தரும்?’ என்பது. பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஸ்பின்னைத் தீர்மானிப்பது பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்பதுதான். அந்த இடத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது மட்டுமே டிப்பின் வேலை. மென்மையான டிப் பந்தோடு கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும், அதனால் கூடுதல் சுழற்சி வரும் என்ற நம்பிக்கை எல்லா மேசைகளைச் சுற்றியும் உலவுகிறது. வழுக்காமலிருக்க டிப்பில் தேய்க்கும் சாக் தூளை ஒழுங்காகப் பூசிய மென்மையான டிப்பாலும் கடினமான டிப்பாலும் ஒரே இடத்தில், பந்து ஒரே வேகத்தில் கிளம்பும்படி அடித்தால், சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இதை ஏற்றுக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். அளவு சரியா, வளைவு சரியா, அடிக்கு அடி ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். பெட்டியில் அச்சடித்த பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: பழைய டிப்பைப் படியுங்கள்

பழைய டிப்பைப் பிடுங்கி எறிவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதில் பாதி அதிலேயே எழுதியிருக்கும்.

ஓரம் பிதுங்கி, கியூ முனையில் இருக்கும் பூணுக்கு வெளியே குடை விரித்திருக்கிறதா? விளையாடுபவர்கள் இதை மஷ்ரூம் ஆகிவிட்டது என்பார்கள். உங்கள் அடியின் பலத்துக்கு அந்த டிப் மென்மை போதவில்லை என்று நினைக்க வேண்டாம், மென்மை அதிகம் என்பதுதான் அதற்குப் பொருள். அடுத்த முறை ஒரு படி கடினமானதை எடுங்கள், அல்லது மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டிய அடுக்கு டிப்புக்கு மாறுங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னி, சாக் தேய்த்தாலும் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டுகிறதா? டிப் இறுகிவிட்டது. கடினமான டிப்பைச் சொரசொரப்பாக்காமல் விட்டாலும் இப்படி ஆகும், பழைய மென்மையான டிப் அடிபட்டு அடிபட்டு அழுந்திப்போனாலும் இப்படி ஆகும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தோலைக் குறை சொல்ல முடியாது. கியூவை எப்போதும் ஒரே பக்கமாகப் பிடித்து அடிக்கும் பழக்கம் அது. பிடியைச் சற்றுத் திருப்பித் திருப்பி அடித்தால் சரியாகிவிடும்.

அடுக்குகள் பிரிந்து பக்கவாட்டில் கோடு தெரிந்தால் அதைப் பசை விட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: அளவெடுங்கள்

டிப்புக்குக் கீழே இருக்கும் பூணை, அதாவது ஃபெரூலை, அளந்து பாருங்கள். பூல் கியூக்களில் அது பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் பிளாஸ்டிக்காலோ நாரிழைப் பொருளாலோ ஆனது. ஸ்னூக்கர் கியூவில் பித்தளை. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மில்லிமீட்டர் அளவுகோலே போதும்.

வழக்கமான பூல் கியூ 12.75 முதல் 13 மில்லிமீட்டர் இருக்கும். பந்து பக்கவாட்டில் விலகுவதைக் குறைக்கும் ஷாஃப்ட்களில், அதாவது கியூவின் முன்பகுதிகளில், 11.8, 12.4 போன்ற அளவுகளும் உண்டு. ஸ்னூக்கர் கியூ 9 முதல் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். குழியில்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸின் கியூ ஏறத்தாழ 11, 12. பிரேக், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, அடிக்க மட்டும் வைத்திருக்கும் கியூ 13 அல்லது 14. உலக பூல் சங்கத்தின் விதிப்படி டிப்பின் அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

வாங்கும்போது பூணைவிட அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பெரிய டிப்பாக எடுங்கள். 12.75 பூணுக்கு 13 கூடப் பொருந்தும், ஆனால் கையால் ஒட்டுபவர்களுக்கு இன்னும் சற்றுப் பெரிய 14 வசதி. ஒட்டியபின் ஓரத்தைச் சீவிச் சமப்படுத்தலாம். சின்னதை வாங்கிவிட்டால் பூணின் விளிம்பு வெளியே தெரியும், அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது.

மலிவான கியூக்களில் டிப் திருகாணியோடு சேர்ந்து வரும், சிலவற்றில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும். இவற்றுக்கு நல்ல தோல் டிப்பை நேரடியாக ஒட்ட முடியாது. அந்த வகைக்கே உரிய மாற்று டிப்பைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: எவ்வளவு கடினம்?

குழப்பம் முழுக்க இங்கேதான். டிப்களை மென்மை, நடுத்தரம், கடினம் என்று பிரித்து விற்கிறார்கள். கமுய் போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் மென்மைக்கும் கீழே மிக மென்மை என்று ஒரு ரகம் வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்தச் சொற்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் நடுத்தரம் என்று விற்பது இன்னொருவரின் கடினத்தைவிடக் கடினமாக இருக்கலாம். டியூரோமீட்டர் என்ற கருவியால் அளந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரே பெட்டிக்குள்ளேயே டிப்புக்கு டிப் எண் மாறுவதையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். ஆகவே ஒரு தயாரிப்பாளரின் வரிசைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் ‘நான் மீடியம் போட்டிருக்கிறேன்’ என்றால் எந்த மீடியம் என்று கேளுங்கள்.

அப்படியானால் கடினத்தால் உண்மையில் மாறுவது என்ன?

ஒன்று, வேகம். கடினமான டிப் அழுந்துவது குறைவு, அதனால் கையின் விசை அதிகம் வீணாகாமல் பந்துக்குப் போய்ச் சேரும். அதே வீச்சுக்குப் பந்து சற்று அதிக தூரம் ஓடும். மென்மையான டிப் அந்த விசையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். அடியை மெதுவாகத் தணித்து வைக்க விரும்புபவர்களுக்கு இது பிடிக்கும். ஸ்னூக்கரில் மென்மையும் நடுத்தரமும் செல்வாக்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டு, ஓசையும் கையில் தெரியும் அதிர்வும். கடினமான டிப் ‘டக்’கென்று கூர்மையாக ஒலிக்கும். மென்மையானது அமுங்கிய ஒலி தரும். இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் அடித்த அடி சரியா என்பதை நாம் பாதி காதால்தான் தெரிந்துகொள்கிறோம். எது நல்லது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாத பகுதியும் இதுதான்.

மூன்று, பராமரிப்பு. என்னைக் கேட்டால் முடிவை இதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மென்மையான டிப் சாக்கை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் அழுந்தும், பிதுங்கும், அழுந்த அழுந்தக் கடினமாகும். அதாவது இன்று வாங்கிய மென்மையான டிப் சில வாரங்களில் நடுத்தரமாகிவிடும், நீங்கள் பழகிய அடி மாறிவிடும். கடினமானது வடிவத்தை நெடுநாள் காக்கும், ஆனால் மேற்பரப்பு வழவழத்துப் போகும். சாக் பூச மறந்தால் மன்னிக்காது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சாக் எடுக்கும் பழக்கம் இல்லாதவர் கடினமான டிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வெள்ளைப் பந்து நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகுவதைக் குறைக்க டிப்பை மாற்றுவோரும் உண்டு. அந்த விலகல் ஷாஃப்ட் முனையின் எடையைச் சார்ந்தது. முனை இலேசாக இருந்தால் விலகல் குறையும். டிப் மென்மையா கடினமா என்பதால் அதில் சொல்லும்படியான மாற்றம் வராது.

எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு என் பரிந்துரை நடுத்தரம். அதை ஒரு பருவம் முழுக்க வைத்து விளையாடுங்கள். டிப் ஓரம் பிதுங்கிக்கொண்டே இருந்தால் அடுத்தது கடினம். அடிகள் வெடுக்கென்று ஓடிவிடுகின்றன என்று பட்டால் அடுத்தது மென்மை. வாரத்துக்கு ஒரு டிப் மாற்றிச் சோதிப்பவர் கடைசியில் டிப்பையும் அறிவதில்லை, தன் அடியையும் அறிவதில்லை.

நான்காம் படி: ஒற்றைத் தோலா, அடுக்கா?

ஒற்றைத் தோல் டிப் என்பது ஒரே துண்டுத் தோலை வெட்டி அழுத்திச் செய்தது. அமெரிக்காவின் ட்வீட்டன் நிறுவனத்தின் எல்க்மாஸ்டர், டிரையாங்கிள், லெ ப்ரொஃபெஷனல் ஆகியவை இந்த வகையில் உலகெங்கும் புழங்கும் பெயர்கள். டிரையாங்கிளும் லெ ப்ரொஃபெஷனலும் எருமைத்தோல், இரண்டும் கடினத்தின் பக்கம் சாய்ந்தவை. எல்க்மாஸ்டர் மென்மையின் பக்கம். நீலப் பச்சை நிறத்தில் இருக்கும் இதை ஸ்னூக்கர்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிவைத்துப் பொறுக்கி எடுப்பார்கள்.

பொறுக்க வேண்டியிருப்பதுதான் இதன் குறை. ஒரு விலங்கின் தோல் முதுகில் ஒரு மாதிரியும் வயிற்றில் ஒரு மாதிரியும் இருக்கும். ஒரே பெட்டியில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு டிப்கள் உடன்பிறந்தவை மாதிரியே நடந்துகொள்ளாது. விலை குறைவு என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுக்கு டிப் மெல்லிய தோல்தாள்களைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திச் செய்தது. ஜப்பானின் மூரி இந்த வகையைப் பரவலாக்கியது. பிறகு கமுய், டாலிஸ்மன், டைகர், பிரிடேட்டர் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் பன்றித்தோல் அதிகம் பயன்படுகிறது. தாள்களைத் தரம் பிரித்து அடுக்குவதால் டிப்புக்கு டிப் வேறுபாடு குறைவு. ஓரம் பிதுங்குவதும் குறைவு. மேலடுக்கு தேய்ந்தால் அதே போன்ற அடுத்த அடுக்கு வந்து நிற்கும், அதனால் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் அடியில் பெரிய மாற்றம் தெரியாது. குறைகள் இரண்டு. விலை ஒற்றைத் தோலைப் போலப் பல மடங்கு. அப்புறம், பசை விட்டுப்போனால் அடுக்கு பிரியும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களோடு ஆடுபவருக்கு ஒற்றைத் தோலே தாராளம். போட்டிகளுக்குப் போகிறவர், அல்லது டிப் மாற்றுவதை வெறுப்பவர், அடுக்கு டிப்புக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

இடையில் ஒரு கைவேலைக்காரர் ரகமும் உண்டு. எல்க்மாஸ்டரை இரவு முழுக்கப் பாலில் ஊறவைத்து, காயவைத்து, இடுக்கியில் வைத்து நெரித்து, மில்க் டட் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நெரிப்பதால் டிப் அடர்த்தியாகி அவ்வளவாகப் பிதுங்காது. பாலுக்கு அதில் என்ன பங்கு என்று வாதிட்டுத் தீராது. நெரிசல்தான் வேலை செய்கிறது என்ற கட்சி நான்.

ஐந்தாம் படி: கையிலெடுத்துச் சோதியுங்கள்

ஒற்றைத் தோல் டிப் வாங்கினால் குறைந்தது ஐந்தாறையாவது சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையிலோ கல்தரையிலோ ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். கூர்மையாக ஒலித்து எம்பிக் குதிப்பது அடர்த்தியானது. ‘தொப்’பென்று விழுந்து கிடப்பது மென்மையானது. ஒரே ஒலி தரும் இரண்டு மூன்றைத் தனியாக எடுத்துவைத்தால் இன்றைக்கு ஒட்டியதைப் போன்ற இன்னொன்று அடுத்த முறையும் கையில் இருக்கும்.

பிறகு பக்கவாட்டைப் பாருங்கள். தோல் நார் நாராகப் பிரிந்திருக்கக் கூடாது. அடிப்பக்கம் சமமாக இருக்க வேண்டும். அடுக்கு டிப்பில் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும், நகத்தால் கீறினால் எந்த அடுக்கும் எழும்பக் கூடாது.

ஆறாம் படி: வளைவைத் தீர்மானியுங்கள்

புதிய டிப்பின் தலை பெரும்பாலும் இலேசாகத்தான் வளைந்திருக்கும். அதைச் சரியான வளைவுக்குக் கொண்டுவருவது நம் வேலை. உலகம் முழுக்க இதற்கு இரண்டு அமெரிக்க நாணயங்களின் பெயரைத்தான் சொல்கிறார்கள்: நிக்கல், டைம். நாணயத்தை டிப்பின் பின்னால் நிறுத்திப் பார்க்கும்போது இரண்டின் வளைவும் பொருந்த வேண்டும் என்பது கணக்கு. நிக்கலின் விட்டம் 21.21 மில்லிமீட்டர், டைமின் விட்டம் 17.91. நாணயம் கையில் இல்லாவிட்டால் குறுக்களவு 21 அல்லது 18 மில்லிமீட்டர் உள்ள எந்த வட்டப்பொருளும் போதும்.

இரண்டில் எது? ஒரு சின்னக் கணக்கு இதைத் தீர்த்துவிடும். பந்தின் நடுவிலிருந்து அதன் ஆரத்தில் பாதி தூரம் வரைதான் பாதுகாப்பாக அடிக்க முடியும். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும், மிஸ்கியூ ஆகும். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், ஆகவே எல்லை நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். கியூவை மட்டமாகப் பிடித்து அந்த எல்லையில் அடிக்கும்போது, டிப்பின் மேல் பந்து படும் இடமும் டிப்பின் நடுவிலிருந்து விலகும். எவ்வளவு? டிப் வளைவின் ஆரத்தில் சரிபாதி. நிக்கல் வளைவின் ஆரம் 10.6, அதில் பாதி 5.3 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் டிப்பின் விளிம்பு நடுவிலிருந்து 6.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. பந்து விளிம்புக்கு உள்ளேயே படுகிறது, சரி.

இப்போது அதே நிக்கல் வளைவை 9.5 மில்லிமீட்டர் ஸ்னூக்கர் டிப்பில் வைத்துப் பாருங்கள். விளிம்பு 4.75-இல் முடிந்துவிடுகிறது, பந்து பட வேண்டிய இடமோ 5.3. அதாவது தோலின் கூரான ஓரம்தான் பந்தில் போய் இடிக்கும். டைம் வளைவில் ஆரம் 8.95, பாதி 4.5, மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது. சுருக்கமாக, வளைவின் ஆரம் டிப்பின் விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 13 மில்லிமீட்டருக்கு நிக்கலும் போதும், டைமும் போதும். 12-க்குக் கீழே வரவர டைமை நோக்கி நகருங்கள். ஸ்னூக்கரில் டைமோ அதைவிடக் கொஞ்சம் உருண்டையோதான்.

அதிகம் உருட்டுவதிலும் தொல்லை உண்டு. நடு மட்டும் கூம்பி நிற்கும் டிப் அந்த ஒரே இடத்தில் அடி வாங்கிச் சீக்கிரம் தட்டையாகும், அடிக்கடி சீவ வேண்டிவரும், ஆயுள் குறையும்.

ஏழாம் படி: பழையதை எடுத்துப் புதியதை ஒட்டுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: கூரான பிளேடு, 120-க்கும் 600-க்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று ரக உப்புத்தாள், ஜெல் வகை சூப்பர் க்ளூ, தாள் ஒட்டுநாடா, சமமான மரப்பலகை ஒன்று. நீர்மாதிரி ஓடும் சூப்பர் க்ளூ வேண்டாம். அது தோலுக்குள் ஊறி அடிப்பாகத்தைக் கல்லாக்கிவிடும்.

பூணுக்குச் சற்று மேலே பிளேடை வைத்து, கியூவை உருட்டிக்கொண்டே பழைய டிப்பை அறுத்தெடுங்கள். பூணை நோக்கி பிளேடை ஒருபோதும் தள்ளாதீர்கள், விரலை நோக்கியும்தான். மிச்சமிருக்கும் தோலையும் பழைய பசையையும் சுரண்டி எடுங்கள். சில கியூக்களில் டிப்புக்கும் பூணுக்கும் நடுவே மெல்லிய நாரிழைத் தகடு இருக்கும். அது உறுதியாக இருந்தால் தொடாதீர்கள்.

அடுத்ததுதான் உயிர்நாடி. பூணின் முகம் துல்லியமான சமதளமாக இருக்க வேண்டும். கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும். தாளைப் பலகைமேல் விரித்துவைத்து, கியூவைச் செங்குத்தாக நிறுத்தி, மெதுவாக வட்டமடியுங்கள். பென்சிலால் பூண் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொண்டால், எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் மறைகிறதா என்று பார்க்கலாம். ஒரு பக்கக் கோடு மட்டும் பாக்கி நின்றால் கை சாய்கிறது என்று பொருள். டிப்பின் அடிப்பக்கத்தையும் இதே மாதிரி நாலு தடவை தேயுங்கள். கழன்று விழும் டிப்களில் பெரும்பாலானவை பசையால் விழுவதில்லை, இந்த வேலையை அவசரமாக முடித்ததால் விழுகின்றன.

கார்பன் ஃபைபர் ஷாஃப்டாக இருந்தால் இங்கே கவனம் வேண்டும். பழைய டிப் வராவிட்டால் நெருப்போ சூடோ காட்டாதீர்கள். ஷாஃப்டின் விளிம்பைத் தேய்க்கவும் கூடாது. கைவேலையில் பழக்கமில்லாதவர்கள் இதை லேத் வைத்திருக்கும் கியூ மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

பூணின் நடுவில் ஒரு சிறு துளி பசை போதும். டிப்பை வைத்து, நடுவுக்கு நகர்த்தி, கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய பசைக் கோடு பிதுங்கினால் எல்லா இடத்திலும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டில் வழிந்ததை உடனே துடையுங்கள். ஜெல் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொண்டாலும் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள் கியூவைத் தலைகீழாகப் பலகைமேல் ஊன்றி, பூணை ஒட்டினாற்போலப் பிளேடை வைத்து, பலகையை நோக்கிக் கீழ்முகமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். பூணைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பக்கவாட்டை இலேசாக ஈரப்படுத்தி, ஒரு தோல் துண்டாலோ வெறும் தாளாலோ சூடேறும்வரை வேகமாகத் தேய்த்தால் நார்கள் படிந்து மெருகேறும். ஈரத்துக்கு எச்சில் தொட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம், தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். மெருகேறிய பக்கச்சுவர் சீக்கிரம் பிதுங்காது. கடைசியாக ஷேப்பர் என்ற வளைவு தரும் கருவியால் தலையை வளைத்து, மேற்பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கினால் டிப் தயார்.

பிரேக் கியூவும் ஜம்ப் கியூவும்

பிரேக் கியூவுக்கும், பந்தைத் துள்ளவைத்து அடிக்கும் ஜம்ப் கியூவுக்கும் தேவை வேகம் மட்டுமே, அதனால் கடினமான டிப். ஃபீனாலிக் என்ற பிசின் பொருளால் ஆன டிப் இன்னும் வேகம் தரும். ஆனால் சாக் அதில் சரியாக நிற்காது, வெள்ளைப் பந்தில் தடமும் விழலாம். சில போட்டிகளில் அதை அனுமதிப்பதில்லை, போகுமுன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பிரேக் அடிக்கவும் நன்கு நெரித்த கடினமான தோலே போதுமானதாகப் படுகிறது.

எட்டாம் படி: முதல் வாரமும் அதற்குப் பிறகும்

புதிய டிப் முதல் சில ஆட்டங்களில் அழுந்தி உட்காரும், மென்மையானது இன்னும் அதிகமாக. வேகம் மாறுகிறதே என்று பதறாதீர்கள். ஓரம் லேசாகப் பிதுங்கினால் ஒருமுறை சீவி, மறுபடி மெருகேற்றிவிடுங்கள்.

சாக் பூசும்போது டிப்பைக் கட்டிக்குள் திணித்துக் குடைய வேண்டாம். தூரிகையால் வண்ணம் தீட்டுகிற மாதிரி மேலாகத் தடவி, ஓரம்வரை ஒரே படலமாகப் படிந்ததா என்று கண்ணால் பாருங்கள். நடு மட்டும் நீலமாகி ஓரம் வெறுந்தோலாக இருந்தால் பயனில்லை, ஏனென்றால் ஸ்பின் அடி படுவது ஓரத்துக்குப் பக்கத்தில்தான். இன்று நாம் பயன்படுத்துவது சுண்ணாம்புக் கட்டியே இல்லை. பில்லியர்ட்ஸ் வீரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897-இல் காப்புரிமை பெற்ற, சிலிக்கா போன்ற உராய்வுப் பொருள்கள் சேர்ந்த கலவையின் வழிவந்தது.

டிப் மின்னத் தொடங்கினால் மட்டும் ஸ்கஃபர் என்ற சொரசொரப்பான கருவியால் தட்டிச் சொரசொரப்பாக்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சடங்கு மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தால் காசு கொடுத்து வாங்கிய தோல் தூளாகித் தரையில் போய்விடும். வளைவைச் சீர்செய்வது அதைவிட அரிதாகவே தேவைப்படும். கியூவை ஈரமான இடத்திலோ வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ வைக்காதீர்கள், தோலும் பசையும் இரண்டுமே கெடும்.

எப்போது மாற்றுவது? வளைவு தொடங்கும் இடத்துக்குக் கீழே, பூணுக்கு மேலே, நேராக நிற்கும் பக்கச்சுவரைப் பாருங்கள். அது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்தாயிற்று. அதற்கு மேல் இழுத்தால் ஓர அடிகளில் பூணே பந்தில் பட்டு விரிசல் விடும், அப்போது செலவு டிப்போடு நிற்காது. சுவர் நன்றாக இருந்தும், சொரசொரப்பாக்கிய மறுநாளே மின்னி வழுக்கினால் அந்த டிப் செத்துவிட்டது, அதையும் எடுத்துவிடுங்கள்.

மாற்றுவதைப் போட்டிக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். ஐந்தாம் படியில் ஒலி பார்த்து எடுத்துவைத்த டிப்களில் ஒன்றைக் கியூப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருந்தால் நடுவில் அவசரம் வந்தாலும் அதே இனத்து டிப்பை ஒட்டிக்கொள்ளலாம்.